யாரும் ஊற்றாத தண்ணீர்

ஜீப்பில் இருந்தவர்கள்: கோடை விடுமுறைக்கு நெய்வேலியிலிருந்து வடக்கனந்தல் வந்திருந்த வெங்கடேசன், அவன் மனைவி விஜயலட்சுமி, மகள் செந்தமிழ்ச்செல்வி, வாடகை ஜீப்பை ஓட்டிய தெய்வசிகாமணி. பின்னால், புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்தபடி வெங்கடேசனின் அக்கா ராஜாம்பாள். புருஷன் செத்ததும் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வடக்கனந்தல் வீட்டை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்பார்கள். அதாவது கூட்டுவாள், மெழுகுவாள், தண்ணீர் இறைப்பாள், வருகிறவர்களுக்குச் சமைப்பாள்.

அந்த வாரம் ஊர் சுற்றினார்கள். தியாகதுருகம் கோட்டையில் மற்றவர்கள் மேலேறிப் பீரங்கியைத் தடவிவிட்டு வந்தார்கள். ராஜாம்பாள் அடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். கோமுகி அணையில் மற்றவர்கள் கரைமேல் நடந்தார்கள். அவள் இலை போட்டாள். அவளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் அருவியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புளி வாங்க மலைக்குப் போய்வந்த புருஷன் ஒருநாள் சொன்னான்: "யாரும் ஊத்தல, மழையும் இல்ல. அதுபாட்டுக்கு மேலருந்து வுழுந்துகினே கீது ராஜாம்பா." கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னான். செத்துப்போனான்.

அருவிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் முனையில் ஜீப் நின்றது.

"கொரங்கு ஜாஸ்தியா கீது அண்ணி. சோத்தப் பாத்துக்கினு இருங்க. நாங்க வந்ததும் நீங்க போலாம்" என்றாள் விஜயலட்சுமி.

அவர்கள் இறங்கிப் போனார்கள். மரங்களுக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்தது. எங்கோ நூறு பெண்கள் சேர்ந்து சாமை புடைப்பதுபோல. கேட்டுக்கொண்டே இருந்ததில் ராஜாம்பாளுக்குக் கண் செருகியது. குரங்கு ஒன்று வந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தது. அவள் விரட்டவில்லை.

ஈரத்தலையோடு அவர்கள் திரும்பியதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் மலைக்காரர் வெள்ளையன் கையை ஆட்டிக்கொண்டு ஜீப்பருகே வந்தார்.

"கீழ போவ முடியாதுங்க. எட ஒதுக்கீடு கேட்டு ரோட்ல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. சாவு வண்டி, பிரசவ வண்டி ரெண்டுக்குத்தான் வழி."

வெங்கடேசனுக்கு மறுநாள் நெய்வேலியில் ஷிப்ட். "ஏறுக்கா, ஏறு. அருவி எங்க ஓடிடப் போவுது?"

"அது ஓடிக்கினுதானப்பா கீது" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

ராஜாம்பாள் ஏறினாள். மலை இறங்கத் தொடங்கியதும் ஆலோசனை நடந்தது. விஜயலட்சுமி வயிற்றில் துணி கட்டிக்கொள்ளட்டும் என்றான் தெய்வசிகாமணி.

"அத்தினி ஆம்பளைங்க முன்னாடி நான் கத்தணுமா? வேற வேல இல்ல?"

எல்லோரும் ராஜாம்பாளைப் பார்த்தார்கள். பூ இல்லை, பொட்டு இல்லை. பிணமாக்க அவளிடம் கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

பின்பக்கம் நீட்டிப் படுக்க வைத்து, வெங்கடேசனின் வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்கள்.

வேட்டிக்குள் வெளிச்சம் பால்போல இருந்தது. மர நிழல்கள் முகத்தின் மேல் நழுவிப் போயின. பகலில் அவள் படுத்ததே இல்லை. ஜீப் வளையும்போதெல்லாம் மலை அவளைத் தூக்கி மெதுவாக மறுபக்கம் வைத்தது. அருவிச் சத்தம் காதிலேயே தங்கியிருந்தது. செத்தால் இப்படித்தான் என்றால் தப்பில்லை என்று நினைத்தாள்.

கச்சிராயபாளையத்தில் வண்டி நின்றது. ரோட்டின் குறுக்கே பெரிய புளியமரம்.

"யாருப்பா?"

"எங்கக்கா. வடக்கனந்தல்."

"ஓ, நெய்வேலில வேல பாக்குறவரா? உங்க புள்ளைங்களுக்குந்தான் இந்த மரத்த வெட்டிக் கீறோம். காரியம் முடிஞ்சி வந்து ஒக்காருங்க."

"வரேம்பா" என்றான் வெங்கடேசன். துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு ஆட்கள் மரத்தைப் புரட்டினார்கள். மறியல்காரர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தி ஓடிவந்து வேட்டியை விலக்கினாள். பாப்பாத்தி. சின்ன வயசுக் கூட்டாளி, இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

"ஒருநாளு ஒக்காந்து சோறு துன்னியாடி? நின்னுகினே துன்னு நின்னுகினே போய்ட்டியேடி!"

அவள் கண்ணீர் சூடாக ராஜாம்பாளின் கன்னத்தில் விழுந்தது. ராஜாம்பாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். உயிரோடு இருந்தபோது இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

ரோடு நெடுக மரங்கள். ஒவ்வொன்றாகப் புரட்டி வழிவிட, ஜீப் ஊர்ந்தது. சேதி வரப்பு வழியே சைக்கிளில் முந்திப் போயிற்று. வடக்கனந்தலில் வாசலில் கீற்றுப் பந்தல் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் மாரடித்து அழுதுகொண்டிருந்தாள். ஜீப்பிலிருந்து பிணம் தானாக இறங்கியதும் பாதிப் பேர் ஓடினார்கள்.

விஷயம் தெரிந்த பிறகும் லட்சுமியம்மாள் வாசலை விடவில்லை. "ஊரு அழுத பொணம் நெலப்படி தாண்டலாமா?"

"தலைக்கு ரெண்டு சொம்பு ஊத்துங்க, சரியாப் பூடும்" என்றான் வெங்கடேசன்.

"ஊத்துற தண்ணி ஆவாது" என்றாள் ராஜாம்பாள். எல்லோரும் திரும்பினார்கள். "யாரும் ஊத்தாத தண்ணில தல முழுவணும்."

அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக யாருக்கும் தெரியாது. இல்லை என்று சொல்லவும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

"ஆத்துல மணல்தான கீது" என்றான் வெங்கடேசன்.

"மலையில வுழுதே."

"அம்மாவ மறுபடி பொணமா மேல ஏத்திக்கினு போனா என்னை ஒதைப்பானுங்க" என்றான் தெய்வசிகாமணி.

"நடந்து போறேன்."

அந்நேரம் பாப்பாத்தி வந்து சேர்ந்தாள். ராஜாம்பாளைப் பார்த்தாள், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், மூக்கைச் சிந்தினாள். "அடிப்பாவி, என் மோரெல்லாம் கொட்டிட்டு வந்தேன்டி." விஷயத்தைக் கேட்டதும், "எங்க வூட்ல படுத்துக்கினு விடிய ஏறலாம், வா" என்றாள்.

"ராத்திரிக்குச் சோறு, அண்ணி?" விஜயலட்சுமியின் குரல் இறங்கியிருந்தது.

"செத்தவளப் போய்க் கேக்குற" என்றாள் ராஜாம்பாள்.

பாப்பாத்தியோடு தெருவில் இறங்கினாள்.

"அவ திரும்பிப் பாக்கறதுக்குள்ள சாத்துடி!" என்று லட்சுமியம்மாள் கத்தினாள்.

ராஜாம்பாள் திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது, பூட்டில் சாவி திரும்பியது.