சம்மனசுக்கு மனு எழுதிய கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக வரவேண்டிய சரக்கு அல்ல. பங்குச் சுவாமியார் திருவிழா மலருக்குச் சம்மனசுகளை, அதாவது தேவதூதர்களைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார். நல்ல சம்மனசுகளைப் பற்றி எனக்கு அரைப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. அவர்கள் தப்பே செய்வதில்லை, என்னத்தை எழுதுவது? ஆகவே விழுந்த சம்மனசுகளிடம் போனேன்.

வேதாகமத்துக்குள் இடம் கிடைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்ட பழைய யூத ஏடுகளில் அவர்களுடைய வரலாறு இருக்கிறது. இருநூறு பேர். மண்ணுலகப் பெண்களைக் கண்டு மயங்கி, பின்வாங்குவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு எர்மோன் மலையில் இறங்கினார்கள். கலியாணம் கட்டினார்கள். ஒருவன் வாள் அடிக்கப் பழக்கினான், இன்னொருவன் கண்ணுக்கு மை தீட்டப் பழக்கினான். தாளில் எழுதப் பழக்கியவனும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அதுவும் அவர்களுடைய பாவங்களோடு சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது.

(இந்த இடத்தில் நான் பேனையை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

மேலிடம் கோபித்தது. பயந்துபோனவர்கள், எழுதத் தெரிந்த ஒரு மனிதனிடம் போய், மன்னிப்புக் கேட்டு ஒரு மனு எழுதித் தரும்படி கெஞ்சினார்கள். கட்டுரை கெட்டது அங்கேதான். ஏனென்றால் அந்த மாதிரி ஒரு மனிதரை எனக்குத் தெரியும். கனடாவில், ரெக்ஸ்டேலில் பதினாலாம் மாடியில் இருந்தார். பெயர் பஸ்ரியன்.

சுவாமியார் இன்னும் கட்டுரைக்குக் காத்திருக்கிறார்.

2

தொடக்கம் ஒன்று: “1992 ஒக்ரோபரில் ஒரு நாள் வானம் பிளந்து—”

(இல்லை. வானம் பிளக்கவில்லை. தூறிக்கொண்டிருந்தது.)

தொடக்கம் இரண்டு: “மனு கேட்டு வந்தவருடைய முகத்தில் இவ்வுலகத்துக்கு உரியதல்லாத ஓர் ஒளி—”

(பொய். பிறம்ரனில் லொறிக்குப் பெட்டி ஏற்றுகிறவரின் முகம் அது. களைப்புத்தான் இருந்தது.)

தொடக்கம் மூன்று: பஸ்ரியன் அகதிகளுக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பவர்.

இது நிற்கும். அந்த நாட்களில் வந்து இறங்கி அடைக்கலம் கேட்ட ஒவ்வொருவரும், திரும்பிப் போக ஏன் பயம் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். சனங்கள் பஸ்ரியனிடம் வந்து சொல்வார்கள், அவர் எழுதுவார். சொன்னவர்களுடைய துன்பம் வேறு வேறு. பஸ்ரியனிடம் இருந்த ஆங்கில வசனங்களோ நாற்பது. ஆகையால் எல்லாருடைய வீட்டையும் இராணுவம் விடியப்புறம் சுற்றி வளைத்தது. எல்லாருடைய தாயும் வாசல் படலையடியில் மயங்கி விழுந்தாள். ஒருமுறை ஒரு விசாரணை அதிகாரி, “இந்தத் தாயை நான் முன்பே சந்தித்திருக்கிறேன்” என்றாராம்.

(பஸ்ரியன் நான்தான் என்று நினைப்பவர்களுக்கு: அவருக்கு மீசை உண்டு.)

3

தூறிய அந்த நாளில் பஸ்ரியனின் கதவைத் தட்டியவர்கள் இரண்டு பேர். முன்னுக்கு மங்கையற்கரசி, மருந்துக் கொம்பனியில் போத்தல்களுக்கு மூடி பூட்டுகிறவள். பின்னுக்கு, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி, அவளுடைய கணவர் குலசிங்கம். பதினாலு மாடியும் படியால் ஏறி வந்திருந்தார்கள். எலிவேற்றர் பழுதோ என்று பஸ்ரியன் கேட்டார். அது நல்லாய்த்தான் இருக்கிறது, இவர்தான் ஏறமாட்டார் என்றாள் மங்கையற்கரசி. சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த பிறகே குலசிங்கம் கண்ணைத் திறந்தார்.

“உயரம் எனக்கு ஒத்துவராது அண்ணை. ஒருக்கா விழுந்தனான்.”

எங்கேயிருந்து என்று பஸ்ரியன் கேட்டார். பனையிலிருந்து என்று பதில் வரும் என்பது அவருடைய எண்ணம். குலசிங்கம் விரலை மேலே காட்டினார். மேல்வீட்டுக் குசினியை அல்ல.

பிறகு, லொறி ஓட்டிய அனுபவத்தைச் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னார். தலைவர்கள் இருபது பேருடைய பெயர்தான் ஏட்டில் இருக்கிறது. தான் மிச்ச நூற்றெண்பதில் ஒருவர். கனடாவுக்குச் சரக்குக் கப்பலில் ஒளித்து வந்தவர். குலசிங்கம் என்ற பெயர், கப்பலில் யாரோ விட்டுப்போன கடவுச்சீட்டில் இருந்தது. ஐயாயிரம் வயது மூத்தவர் தன்னை அண்ணை என்று கூப்பிடுவது பஸ்ரியனுக்குக் கூச்சமாய் இருந்தது. ஆனால் திருத்தவில்லை.

“இவர் சொல்லுறதை எழுதாதேங்கோ அண்ணை,” என்றாள் மங்கையற்கரசி. “எல்லாருக்கும் எழுதுற மாதிரி எழுதுங்கோ. ஆமி வந்தது, பிடிச்சது, அடிச்சது.”

“என்னை ஆமி அடிக்கேல்லையே.”

“அடிதான் குறையெண்டால் வீட்டை போய்ப் பாப்பம்.”

பஸ்ரியன் அவள் பக்கம்தான். கோரிக்கை தள்ளுபடியானால் கொழும்புக்குப் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று விளக்கினார்.

“பிளேன் முகிலுக்கு மேலை போகும்,” என்றார் குலசிங்கம். “மேலிடத்து ஆக்கள் அங்கை நிண்டு பிடிச்சுப்போடுவினம்.”

பிடித்து அடிப்பார்களா என்று பஸ்ரியன் கேட்டார்.

“அடிக்க மாட்டினம். திருப்பி ஆவியாக்கி விட்டிடுவினம். ஆவிக்கு மனிசி இல்லை அண்ணை. இவவை எனக்குத் தெரியாமல் போயிடும்.”

மங்கையற்கரசி கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள். “இதைத்தான் எழுதவேண்டாமெண்டு சொல்லுறன்,” என்றாள்.

4

இந்த இடத்தில் எனக்கே பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்கு முன்பே வந்திருக்கும். பஸ்ரியனுக்கும் வந்தது, ஆகவே அதிகாரிகள் கேட்பதுபோலக் குறுக்கு விசாரணை செய்தார். பறக்கிற செட்டை எங்கே? அது படம் கீறுகிறவர்களின் வேலை என்று பதில் வந்தது. மற்றவர்கள் வாளும் மையும் பழக்கினார்களே, நீர் என்ன பழக்கினீர்?

“சூடான கஞ்சியை ஊதிக் குடிக்கப் பழக்கினனான்.”

அதற்கு முன் மனிதர் என்ன செய்தார்கள்?

“நாக்கைச் சுட்டுக்கொண்டு இருந்தவை.”

(எந்த ஏட்டிலும் இதை நான் காணவில்லை. ஆனால் யாராவது பழக்கித்தானே இருக்கவேண்டும்.)

மேலே எப்படி இருக்கும் என்று பஸ்ரியன் கேட்டார். அங்கே பாரம் என்று ஒன்று இல்லை என்றார் குலசிங்கம். எல்லாம் மிதக்கும், பாட்டும் மிதக்கும், பாடுகிறவர்களும் மிதப்பார்கள், ஒன்று மற்றதில் முட்டாது. செவ்வாய்க்கிழமை இல்லை. யாருக்கும் யாரும் தேவையில்லை. கீழே இறங்கி முதல் தரம் ஒரு கல்லைத் தூக்கியபோது, அது கையைக் கீழே இழுத்ததாம். ஏதோ தன்னை வேண்டும் என்று கேட்பதுபோல இருந்ததாம். இருந்த இடத்திலேயே அழுதிருக்கிறார். பிறம்ரனில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்குவது அதனால்தான் அலுப்பதில்லை.

இதைக் கேட்டபிறகு என் சந்தேகம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் நகர்ந்து இருந்து, அவருக்கு இடம் கொடுத்தது.

5

பஸ்ரியன் இரண்டு மனு எழுதினார். ஒன்று வழக்கமானது. மற்றதை எழுத அவருடைய நாற்பது வசனங்களில் ஒன்றும் உதவவில்லை. ஒவ்வொன்றையும் புதிதாகப் பிடிக்கவேண்டி இருந்தது. திங்கட்கிழமை ஒன்றைக் கொடுத்தாகவேண்டும். ஞாயிறு பின்னேரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஹம்பர் ஆற்றங்கரைக்குப் போய், ஒரு மர வாங்கில் உட்கார்ந்து உரத்து வாசித்தார். மேப்பிள் இலைகள் ஆற்றில் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. வாசித்தபடியே தூங்கிவிட்டார்.

(ஏட்டில் வருகிற மனிதனும் மனுவை ஓர் ஆற்றங்கரையில் வாசித்தபடியே தூங்கிப்போனான். பஸ்ரியனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், கவலையாக இருந்தது.)

கனவில் கண்ணாடியால் ஒரு பெரிய வீடு. ஒரு பக்கம் உறைபனி, ஒரு பக்கம் அனல். தை மாதத்து டவுன்டவுன் கட்டடம் என்றே பஸ்ரியன் நினைத்தார். உள்ளே முடிவில்லாத நடைவழி. நடையின் இருமருங்கும் பெண்கள் விழுந்து கிடந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தார். எல்லாம் அவர் தன் மனுக்களில் மயங்கி விழவைத்த தாய்மார். ஒருத்தி எழும்பி, சேலையைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: “தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடிக் கிடக்கிறது?”

விழித்தபோது மடியில் ஒரு மனுதான் இருந்தது. வழக்கமானதைக் காற்று ஆற்றுக்குள் கொண்டுபோய்விட்டது என்கிறார் பஸ்ரியன். அன்று காற்றே அடிக்கவில்லை. பழைய பத்திரிகையில் பார்த்துவிட்டேன்.

6

மாசியில் விசாரணை. எந்த மனு போனது என்று அன்றைக்குத்தான் மங்கையற்கரசிக்குத் தெரியவந்தது. மொழிபெயர்ப்பாளர் வாசிக்க வாசிக்க அவள் பஸ்ரியனைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வயது போதாது.

அதிகாரி முழுவதையும் கேட்டார். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு, குலசிங்கத்திடம் அல்ல, அவளிடம் கேட்டார்: உன் கணவர் சொல்வதை நீ நம்புகிறாயா?

“நம்புறது உங்கடை வேலை ஐயா,” என்றாள் மங்கையற்கரசி. “எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். கலியாணம் முடிச்சு நாலு வருசம். இவர் ஒரு கதிரையிலைகூட ஏறி நிக்கேல்லை. பல்ப் எல்லாம் நான்தான் மாத்துறன். நான் மேலை நிக்கேக்கை கதிரையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பார், நான் இறங்குமட்டும் கண்ணைத் திறக்கமாட்டார். அது நடிப்பில்லை.” குலசிங்கத்தைக் காட்டிச் சொன்னாள்: “இவர் மேலையிருந்து வந்தவரோ வல்வெட்டித்துறையிலை இருந்து வந்தவரோ, எனக்கு உது தேவையில்லை. என்னை மறக்கிற இடத்துக்கு இவரை அனுப்பாதேங்கோ.”

மொழிபெயர்ப்பாளர் கடைசி வசனத்தை இரண்டு தரம் சொன்னாராம். ஒரு தரம்தான் சொல்லவேண்டும்.

7

முடிவு ஒன்று: கோரிக்கை ஏற்கப்படுகிறது. யூனியன்வில்லில் மாடியில்லாத வீடு, பின்வளவில் தக்காளி. எழுதி வாசித்துப் பார்த்தேன். வங்கி விளம்பரம் மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு: குலசிங்கம் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர், அவ்வளவுதான். இது வைத்தியர்களுக்குப் பிடிக்கும். எனக்கு வைத்தியர்களைப் பிடிக்காது.

முடிவு மூன்று: “விமானம் முகிலைத் தாண்டியபோது பதினேழாம் வரிசையில் ஓர் ஆசனம், இடுப்புப்பட்டி பூட்டியது பூட்டியபடியே, வெறுமையாய்க் கிடந்தது. விமான நிலையத்தில் மங்கையற்கரசி—”

இந்த வசனத்தைத் தொடங்கி இரண்டு கிழமை. முடிக்கக் கை வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சித்திரையில் கடிதம் வந்தது, பஸ்ரியனின் முகவரிக்கு. கேஸ் எழுதினவரே கடிதத்தையும் வாசித்துச் சொல்லவேண்டும் என்பது அங்கே வழக்கம். மங்கையற்கரசியும் குலசிங்கமும் வந்து இருந்தார்கள். பஸ்ரியன் உறையைக் கிழித்து, தாளை விரித்து, கண்ணாடியை மாட்டினார்.

ஏட்டில் நடந்ததை இப்போது சொல்லலாம். அந்த மனிதன் தூங்கி விழித்து, நேரே அவர்களிடம் போய், உங்கள் மனு தள்ளுபடி என்று தன் வாயாலேயே சொன்னான். அவர்கள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். மனுவை அவன் நன்றாகத்தான் எழுதியிருப்பான். பதிலைச் சுமந்துகொண்டு போனதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பஸ்ரியனை நான் அந்த வேலைக்கு விடமாட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டேன்.

இதை வாசிக்கிற நீங்கள் ஆங்கிலமும் வாசிப்பீர்கள்தானே. கடிதம் மேசையில் விரித்தபடி இருக்கிறது. அந்தச் சட்டத்தரணி இங்கிலீசு அவர்கள் இருவருக்கும் விளங்காது. உங்களுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவசரப்படாமல் வாசியுங்கள். நீங்கள் என்ன வாசித்தாலும் அவர்கள் நம்புவார்கள்.