தணிகாசலம் முதுகு காட்டும் படம்

இடைவேளையில் முறுக்கு வாங்கப் போன தணிகாசலம் கதவு மாறிப் படத்துக்குள் போய்விட்டான். அந்தத் தியேட்டரில் இது சகஜம். எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சை பெயின்ட் அடித்து வைத்தால் மனுஷன் என்ன செய்வான்?

அவன் பெண்டாட்டி பொற்கொடி நேரே மேனேஜரிடம் போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு படத்துக்குள்ள போயிட்டாருங்க."

"பார்த்தேம்மா. நல்லா பண்றாரு."

"வெளிய அனுப்புங்க."

"படம் முடிஞ்சா அவரே வருவாரு."

"எப்ப முடியும்?"

"பேய்ப்படம்மா இது. பார்க்கிறவங்க அத்தனை பேரும் பயந்தாதான் முடியும். இன்னைக்கு ஒருத்தர் மட்டும் பயப்படலை."

"யாரு அந்தப் பாவி?"

"நீங்கதான்."

பொற்கொடிக்கு வந்ததே கோபம்! பயப்படுகிற மாதிரியா இருக்கிறது அந்தப் படம்? பேய் கிடையாது. ரத்தம் கிடையாது. தலைவிரி கோலமாக ஒருத்திகூடக் கிடையாது. ஒரு அறை, ஒரு ஸ்டூல். அதில் தணிகாசலம் முதுகைக் காட்டி உட்கார்ந்து முறுக்குத் தின்கிறான். அவ்வளவுதான் கதை.

அதற்குப் போய் ஜனங்கள் அலறினார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கடித்துக்கொண்டு அழுதார். பொற்கொடிக்குக் கொட்டாவி வந்தது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இதே முதுகைத்தானே பார்க்கிறாள்.

ஆனாலும் தினமும் மேட்னிக்கு வந்தாள். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அவன் வேண்டும் அவளுக்கு. சண்டை போடுவதற்காவது வேண்டும். வாசலிலிருந்து இருக்கைக்குப் போகிற வழி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. கையில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஒருநாள், "ஐயோ அம்மா!" என்று கத்திப் பார்த்தாள். டார்ச்சுக்காரர் ஓடிவந்து அவள் முழங்கைக்குக் கீழே வெளிச்சம் அடித்தார்.

"கை முடி சிலிர்க்காம படுத்துக் கிடக்கு. நடிக்காதம்மா."

வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் போய்விட்டார். பொற்கொடி அவமானத்தில் அழுதாள்.

பக்கத்து இருக்கையில் கன்னியம்மா என்று ஒருத்தி. இருட்டில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைப்பாள், பயந்து நடுங்குவாள், மறுபடி தைப்பாள்.

"எதைப் பார்த்துக்கா பயப்படுறீங்க?" என்றாள் பொற்கொடி.

"நீ என்ன பாக்குற?"

"எப்ப பேய் வரும்னு பாக்குறேன்."

"வராதுடி. வர்றதுக்கு எதுவும் இல்ல. இருக்கிறதைப் பாரு. சும்மா இருமிப் பாரேன்."

பொற்கொடி இருமினாள்.

திரையில் மெல்லுகிற சத்தம் நின்றது. தணிகாசலம் திரும்பவில்லை. தாடை மட்டும் அசையாமல் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி மென்றான்.

மறுபடி இருமினாள். மறுபடி நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டிலும் இப்படித்தான். ஜுரம் என்று சொன்னபோதும், அம்மா செத்துப்போனாள் என்று சொன்னபோதும், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுதபோதும் அந்தத் தாடை ஒரு நொடி நின்றிருக்கிறது. அவனுக்குக் காது மந்தம் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டுத் திரும்பாமல் இருந்திருக்கிறான்.

கையில் ரோமம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

"வந்திருச்சு!" என்று டார்ச்சுக்காரர் கூவினார். மேனேஜர் ஓடிவந்து கும்பிட்டார். கன்னியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் தணிகாசலம் கையில் ஒட்டிய முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு எழுந்தான். படம் முடியப் போகிறது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெல்லத் திரும்பினான். கன்னம் தெரிந்தது. ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் இருட்டில் அவளைத் தேடியது.

"பொற்..." என்று வாயைத் திறந்தான்.

பொற்கொடி இருக்கைமேல் ஏறி நின்றாள். எப்பேர்ப்பட்ட படம்! இத்தனை நாள் இது தெரியாமல் கொட்டாவி விட்டிருக்கிறாளே! இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

"ஒன்ஸ்மோர்!"

தியேட்டரே சேர்ந்து கத்தியது. ஆபரேட்டர் ரசிகர்கள் பேச்சைத் தட்டாதவர். ரீலைப் பின்னால் ஓட்டினார். தணிகாசலத்தின் வாய் மூடிக்கொண்டது. கண் போனது, கன்னம் போனது. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன் வரிசைக்கு மாறி உட்கார்ந்தாள்.