இருபதாவது பாரம்

இதனால் சகல வாசகப் பெருமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மனித குலம் இதுநாள்வரை சிந்தித்ததெல்லாம் வெறும் ஒத்திகை. அசல் சிந்தனை சென்ற ஞாயிறு மாலை, நாற்காலி போதாமல் பாதிப் பேர் சன்னலோரம் சாய்ந்து நின்ற ஒரு நூலக மாடியில் நிகழ்ந்தேறியது. ‘சூனியத்தின் வாசற்படி’ என்ற தத்துவ நாவலையும், அதிலிருந்து எடுத்த படத்தையும் பற்றிய வாசகர் வட்டக் கூட்டம் அது.

நாவலாசிரியர் மேடையில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அவருடைய அண்ணி படம் பார்த்துவிட்டாள் என்று தகவல் வந்திருந்தது.

வட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், தொண்டையைச் செருமினார்.

“முந்நூத்தி நாலாம் பக்கம். அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கார். தம்பி கையைப் பிடிச்சு ‘ஒண்ணு சொல்லணும்டா’ங்கறார். எதிர்ப்பக்கம் பார்த்தா முந்நூத்தி இருபத்தொண்ணு! அண்ணன் செத்து, அடக்கமும் முடிஞ்சாச்சு. நடுவுல பதினாறு பக்கம் இல்லை. பக்க எண்ணையே சாகடிச்சிருக்கார்யா! மரணத்தை இதைவிட எப்படிச் சொல்றது?”

கைதட்டல்.

“அந்த இடத்துல நான் ரெண்டு நாள் சாப்பிடல” என்றார் ஒரு வங்கி மேலாளர். அவர் உடம்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“படத்துல திரை அப்படியே இருட்டாயிடுதே, நாலு நிமிஷம்!” என்றாள் ஒரு பல் மருத்துவர். “பக்கத்து சீட்டுக்காரன் மிஷின் கெட்டுப்போச்சுன்னு கத்தறான். ஞானசூனியம்!”

விஷயம் இவ்வளவுதான். பதினாறு பக்க மடிப்பு ஒன்றை அச்சகத்தில் பாரம் என்பார்கள். பைண்டிங்கில் இருபதாவது பாரத்தைக் கோக்க மறந்துவிட்டார்கள். தெரிந்ததும் நாவலாசிரியர் பதிப்பகத்தோடு மல்லுக்கு நிற்கக் கிளம்பினார். சட்டைக்குப் பொத்தான் போடுவதற்குள் முதல் விமர்சனம் வந்தது: ‘மௌனத்தின் சிகரம்.’ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். பிறகு இயக்குநர் வந்தார், அந்த மௌனத்துக்காகவே கதையை வாங்குவதாகச் சொன்னார். அதற்கப்புறம் வாயைத் திறப்பதாவது!

ஆனால் மொத்த நாவலும் அந்தப் பாரத்துக்காக எழுதப்பட்டது. அவருடைய அண்ணன் நிஜமாகவே ஒரு காலையில் அண்ணியோடு சண்டை போட்டுவிட்டு வெளியே போனார், வேலையிடத்தில் சுருண்டு விழுந்தார். கடைசியில் பக்கத்தில் இருந்தது தம்பி மட்டும். “அவகிட்ட சொல்லுடா, தப்பு என் மேலதான். எனக்குக் கோவமெல்லாம் இல்ல” என்றார் அண்ணன்.

“கடைசியா என்ன சொன்னாரு?” என்று அண்ணி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். சொன்னால் அழுதுவிடுவோம் என்று தம்பிக்குப் பயம். “எழுதிக்கிட்டிருக்கேன் அண்ணி, அதுல வரும்” என்பார். ஒரு மூச்சில் சொல்ல வேண்டியதைச் சொல்ல இருத்தல், இன்மை, காலம் என்று ஒரு படையையே திரட்டினார். “அவ்வளவு தடிப் புஸ்தகத்தை யாரு படிக்கறது? படமா வரட்டும்” என்று அண்ணி காத்திருந்தாள்.

“ஐயா ரெண்டு வார்த்தை பேசணும்” என்றார் பேராசிரியர். நாவலாசிரியர் எழுந்தார். வாய் வரவில்லை. உட்கார்ந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அங்கிருந்து நேரே அண்ணி வீட்டுக்குப் போனார். முன்னறையில்தான் அவளுடைய இஸ்திரிக் கடை. யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க தம்பி. படம் பார்த்தேன். எல்லாரும் கால்ல முள்ளு குத்தினாப்ல நடக்கறாங்க. உங்க அண்ணனா வந்தவருக்கு நல்ல முகம்.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “ஒண்ணு சொல்லணும்னாரு. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. பார்த்தா ஒரே இருட்டு. அப்பவே புரிஞ்சுபோச்சு. கோவத்தோடயேதான் போயிருக்காரு. அதைச் சொல்ல மனசு வராமத்தானே இத்தனை நாளா மழுப்புனீங்க?”

“ஐயோ, இல்ல அண்ணி!” என்று ஆரம்பித்து, அண்ணன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னார். ஒரு மூச்சுதான் ஆயிற்று.

அண்ணி சட்டைக் கையை நீவிவிட்டாள்.

“நல்லா இருக்கு தம்பி.”

“என்ன நல்லா இருக்கு?”

“நீங்க சொன்னது. எழுதறவங்களாச்சே, ஆறுதலா நாலு வார்த்தை கோக்கத் தெரியாதா?”

“சத்தியமா அண்ணி! புஸ்தகத்துல இருந்துச்சு. பைண்டிங்ல விட்டுப்போச்சு!”

“விட்டுப்போச்சா?” அண்ணி முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். “அந்த இருட்டை ராப்பகலா யோசிச்சு வெச்சேன்னு டிவியில நீங்கதானே சொன்னீங்க? நான் பார்த்தேனே.”

சொல்லியிருந்தார். அழகாகவே சொல்லியிருந்தார்.

அண்ணி அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். அவர் கிளம்பினார்.

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.