சொட்டாத குழாய்

மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனுக்கு அரண்மனையில் வேலை என்று கேட்டதும் குழாய்க்காரருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அங்கே இப்போது ராஜாவும் இல்லை மந்திரியும் இல்லை, ஓவியங்களை மாட்டி வைத்திருக்கிறார்கள், அவற்றை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் பையனுக்கு வேலை என்று தெரிந்ததும் அந்தப் பெருமை வடிந்துவிட்டது.

"நாள் பூரா நாற்காலியில உக்காந்து செவுத்தப் பாக்குறவனுக்கா பொண்ணக் குடுக்கறது?"

"நீங்க நாப்பது வருஷமா செவுத்துக்குள்ள இருக்கற பைப்பப் பாத்தீங்க," என்றாள் மனைவி. "அவரு செவுத்துக்கு வெளிய பாக்குறாரு."

நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக மகளிடம் ஒப்புக்கொண்டார். பையனிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது என்றார். சொல்லிவிட்டுப் போனால் எவனும் நல்லவன்தான். இவர் வருவது தெரிந்தால் ஒழுகுகிற குழாயைத் துணியால் சுற்றி மறைக்கிற வீட்டுக்காரர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனும் மனைவியும் சீட்டு வாங்கி உள்ளே போனார்கள். முதல் கூடம் முழுக்க ராஜாக்களின் படங்கள். ஒருத்தர் முகத்திலாவது வேலை செய்த களை இல்லை. மனைவி ஒரு ராணியின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அந்தத் தோட்டுக் கனத்துக்குக் காது அறுந்தே போயிருக்கும். பாவம்."

"உனக்கு அந்தக் கவலை வைக்கல பாரு, அதுக்கு நீ சந்தோஷப்படணும்."

பையனுக்கு வேலை மாடியில், ராஜா குளித்த மண்டபத்தில். ஒரு ஆள் குளிக்க நாலு குடும்பம் குடியிருக்கிற அளவு இடம். மூலையில் நாற்காலி காலியாகக் கிடந்தது. பையன் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். ஆட்கள் வருகிற சத்தம் கேட்டு எழுந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கடைசிச் சுவர் கண்ணில் பட்டது. தரையோரமாக ஒரு பித்தளைக் குழாய் ஓடியது. நடு இணைப்பில் ஈரம் கசிந்து, கீழே ஒரு சொட்டு விழப்போகிற மாதிரி நின்றது. அடியில் பச்சைப் பாசி. சுண்ணாம்பு ஊறி உப்பியிருந்தது. எவனோ கசிவு அடைக்கிற சணலைச் சரியாகச் சுற்றாமல் முடுக்கியிருக்கிறான். இப்படியே விட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது.

"குறுக்க கயிறு கட்டியிருக்காங்க," என்றாள் மனைவி.

"கயித்தக் கட்டுனா ஒழுகறது நிக்குமா?"

குனிந்து, கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி, இணைப்புக்கு அடியில் விரலை வைத்தார். விரல் நனையவில்லை. குழாயும் இல்லை. எல்லாம் வெறும் வண்ணம். எங்கோ கீச்கீச்சென்று மணி அடித்தது. கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். குழாய்க்காரருக்குக் காது மடல் சுட்டது. நாப்பது வருஷத் தொழில், ஒரு படம் ஏமாற்றிவிட்டது.

பையன் வேகமாக வந்தான். அவன் சிரிக்கவில்லை.

"கைய எடுத்துடுங்கய்யா. அது வரைஞ்சது."

"கசியுதுன்னு நெனச்சேன்."

"நான் சேந்த முத வாரம் வாளியே கொண்டாந்து வச்சேன்யா," என்று மெதுவாகச் சொன்னான். பிறகு ஒரு தடித்த நோட்டை எடுத்தான். "தொட்டவங்க பேரு, விலாசம் எழுதணும்."

"படத்துக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"ஆகல. பின்னாடி அந்த எடத்துல வண்ணம் உரிஞ்சா, பழுது பாக்கறவங்க யார் கை பட்டதுன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

குழாய்க்காரரும் எந்த வீட்டுக்குப் போனாலும், இதுக்கு முந்தி யார் கழட்டுனாங்க என்றுதான் முதலில் கேட்பார்.

பேரைச் சொன்னார். தெருவைச் சொன்னார், வீட்டு எண்ணைச் சொன்னார். பேனா நின்றுவிட்டது. பையன் அவரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் மகளின் சாயல் அப்படியே இருக்கும். பையனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

"ஆமா, அவ அப்பன்தான்," என்றார் குழாய்க்காரர். "குடும்பத்துக்குள்ள எதுக்கு இதெல்லாம்? அந்தத் தாளக் கிழிச்சிடு தம்பி."

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் அசையவில்லை. கிழித்தான் என்றால் பெண் கிடையாது.

பையன் நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "முடியாதுங்க மாமா. தாளுக்குத் தாள் நம்பர் இருக்கு."

"நம்பர் இல்லேன்னா கிழிச்சிருப்ப."

"இல்லேன்னாலும் மாட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் எழுதித்தான் ஆகணும்." ஒரு கணம் யோசித்தான். "காரணம்னு ஒரு எடம் இருக்கு. அதுல உள்ளத எழுதறேன்."

எழுதி, நோட்டைத் திருப்பிக் காட்டினான். குழாய்க்காரர் எழுத்துக் கூட்டி வாசித்தார்: 'நீர் கசிகிறது என்று எண்ணி, சுவரைக் காப்பாற்றத் தொட்டார்.'

இரண்டு தடவை வாசித்தார். குறை கண்டுபிடிக்கப் பார்த்தார், அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டார்.

"உனக்கு லீவு என்னைக்கு?"

"புதன்கெழமைங்க."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடு. உன்னப் பெத்தவங்களையும் கூட்டிட்டு வா."

பையன் தலையாட்டினான். அதற்குள் ஒரு பெண்மணி கயிற்றுக்குப் பக்கத்தில் போகவே, அந்தப் பக்கம் ஓடினான்.

அடுத்த கூடத்தில் யானைகளும் போர்களும். குழாய்க்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் நின்று பார்த்துக்கொண்டே நடந்தார்.

"சரியான பிடிவாதக்காரன்," என்றார்.

"அப்போ?"

"புதன்கெழமைக்குப் பெரிய மீனா வாங்கிடு."