நம்ப முடியாத பக்கம்

சின்னவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவளுடைய முதல் நாவலின் புரூஃப் அக்கா புருஷன் மடியில் இருந்தது. நாளைக் காலையில் திருத்தி அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

நாவல் நன்றாக இல்லை என்று அத்தான் சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வாள். பயம் அதுவல்ல. நாவலில் வரும் வீடு இந்த வீடு. தோளால் முட்டினால்தான் திறக்கும் குளியலறைக் கதவு, நாற்காலி முதுகில் மாட்டிய சட்டை, செய்தித்தாளைப் படித்துவிட்டு வாங்கிய மடிப்பிலேயே மடித்து வைக்கும் கணவன், எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வந்த இடத்தில் கண்ணால் திருடியவை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அக்காவை நாவலில் வங்கி வேலைக்கு அனுப்பிவிட்டு, கணவனுக்கு ஒரு மீசையும் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். அக்கா கண்டுபிடித்துவிட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அம்மா போன பிறகு அவள் உரிமையோடு நுழைகிற வீடு இது ஒன்றுதான்.

அத்தான் பெரிய படிப்பாளி. அவருக்கு எழுத்தாளர் என்றால் ஒருவர்தான்: இல்லாத ஒரு துறைமுக ஊரைக் கற்பனை செய்து, அதை வைத்தே அலமாரி நிறைய எழுதிவிட்டுப் போனவர். அந்த ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கடை, படகுக்காரனின் மருமகள் பெயர் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தினமும் சாயங்காலம் அக்காவுக்கு வாசித்தும் காட்டுவார். சின்னவளுக்கு எழுத்து ஆசை வந்ததே அதை ஒட்டுக்கேட்டுத்தான்.

சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு வந்தது. வீடு கண் முன்னால் நிற்கிறதாம். அந்தக் கணவன் கொஞ்சம் அசடு, ஆனால் அப்படியும் ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்களாம். சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரைக் குடித்தாள். மனுஷனுக்குத் தன் முகமே தெரியவில்லை.

"ஆனா ஒரு பக்கத்துல கோட்டை விட்டுட்ட" என்றார் அத்தான். "புருஷன் வந்ததும் அவ வாஷிங் மெஷினை ஓட விடறாளே, துணியே போடாம, வேலையா இருக்கற மாதிரி காட்டிக்க. எந்தப் பொண்ணும்மா அப்படிச் செய்வா? இந்த ஒரு பொய் போதும், மிச்சத்தையும் எவனும் நம்ப மாட்டான். அடிச்சுடு."

சின்னவளுக்கு மூச்சு வந்தது. புத்தகத்திலேயே அவள் சொந்தமாக இட்டுக்கட்டியது அது ஒன்றுதான். போனால் போகட்டும். அப்போதுதான் கவனித்தாள், பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றிருந்தது.

சமையலறையில் அக்கா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மெஷின் விஷயம் யாருடி சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலக்கா. நானா எழுதினது."

அக்கா நம்பவில்லை. பிறகு நம்பினாள். அத்தான் வாசித்துக்காட்டப் புத்தகத்தை எடுத்ததும் போய்ப் பட்டனை அமுக்கிவிடுவதாகவும், வெறும் தண்ணீர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னாள். மற்றதெல்லாம் தன் வீடு என்று அவர் சொல்லச் சொல்லவே புரிந்துவிட்டதாம். "திருட்டுக் கழுதை" என்றாள், கோபமில்லாமல்.

சின்னவள் குழாயை மூடினாள். இப்போது அந்தப் பக்கம் கதையில்லை. அச்சானால் அத்தானின் அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், என்றைக்காவது அவருக்கு உறைக்கும். அடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்ப் பேனாவை எடுத்தாள். அத்தான் மேஜைமேல் அந்தப் பக்கத்தைத் தயாராக விரித்து, விரலை ஊன்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அடிக்காத" என்றாள் அக்கா வாசற்படியில் நின்று. "அது சரியாத்தான் இருக்கு."

நாவலைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று அத்தான் சிரித்தார்.

"நாவல் தெரியாது. நான் செய்யறேன், அது தெரியும்."

சிரிப்பு பாதியில் நின்றது. எதற்கு என்று கேட்டார்.

"நான் வீட்டுக்குள்ள வரும்போதே நீங்க அந்த ஊருக்குப் போயிடறீங்க. அங்க எல்லார் பேரும் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில நாள் பூரா என் பக்கத்துல நிப்பாளே, அவ பேரு சொல்லுங்க பாப்போம்."

 சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள். ஓடிவிடலாம் போலிருந்தது.

"தெரியல" என்றார் அத்தான் கடைசியில். "சொல்லு."

"இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? அவளை வேலையிலேர்ந்து நிறுத்திட்டாங்க. அடுத்தது நானா இருக்கும்."

"எப்ப? ஏன் எங்கிட்ட சொல்லல?"

 அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடை முதலாளி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பியதிலிருந்து ஆரம்பித்தாள். சின்னவள் பேனாவை மூடிவிட்டு, அத்தானின் விரலுக்கடியிலிருந்து அந்தப் பக்கத்தை மெல்ல உருவினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.