ஒவ்வொரு வயருக்கும் ஒரு காஜா

அந்த வீட்டில் உறை இல்லாத பொருள் ஒன்றைக் காட்டிவிட்டால் தையல்காரர் மீசையை எடுத்துவிடுவார். மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை. குடையோடு வந்த உறை கிழிந்துவிடக் கூடாதே என்று அதற்கு மேல் இன்னோர் உறை. கடையில் மிஞ்சும் துண்டுத் துணியை வீணாக்க அவருக்கு மனசு வராது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் சட்டைப் பையில் அளவு நாடா இருக்கும். திரும்பும்போது எதையாவது அளந்துகொண்டுதான் வருவார்.

இத்தனையிலும் அவருடைய பெருமை, கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தைத்த உறைதான். கெட்டியான நீல ஜீன்ஸ் துணி, உள்ளே பஞ்சு வைத்த லைனிங், பின்மூலையில் மேலிருந்து கீழ்வரை ஜிப். பெட்டியின் முதுகிலிருந்து வரும் ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாக ஒரு காஜா, சட்டைப் பொத்தானுக்கு எடுக்கிற அதே நேர்த்தியில். "தூசி உள்ள போகணும்னா எங்கிட்ட கேட்டுட்டுதான் போகணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் மூன்று வாரமாக அவர் மனைவியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

மனைவி கணக்கு டீச்சர். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடி எட்டு மாதம் ஆகிறது. வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் பாடம் நடத்தும் வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தேர்வாளர் இரண்டு பேருக்கு முன்னால் நாற்பது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை பதினேழாவது நிமிடத்தில் திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, ஒன்றும் நடக்காதது போல மறுபடி எழுந்து உட்கார்ந்தது. இரண்டாம் தடவை பத்தொன்பதாவது நிமிடம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறோம், அதோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். டீச்சரோ சமையலறையில் டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு அவற்றுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். 

வேடிக்கை என்னவென்றால், வினாத்தாள் டைப் அடித்தால் அது நாள் முழுக்க ஓடும். இன்டர்நெட்டில் முகம் பார்த்துப் பேச உட்கார்ந்தால்தான் வம்பு. அப்படியானால் கோளாறு இன்டர்நெட்டில்தான் என்று தையல்காரர் தீர்ப்பு எழுதிவிட்டார். இணைப்பை வாங்கித் தந்தவர் மனைவியின் அக்கா புருஷன், அதாவது அவருடைய சகலை. விடுவாரா?

"சகலை புடிச்சுக் குடுத்த லைன் வேற எப்படி இருக்கும்?" என்று சொந்தத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னார். சகலையின் முகத்துக்கு நேராகவும் சொன்னார். அந்த மனிதர் முகம் தொங்கிப் போய்ப் பாதி காபியோடு எழுந்து போனார்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் இரண்டு முறை வந்தார். அவர் வருவதற்கு முன்பே தையல்காரர் ஜிப்பைத் திறந்து உறையைக் கழற்றி, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். மெக்கானிக்கின் கை அழுக்கு அதில் பட்டுவிட்டால்? மெக்கானிக் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படம் ஓடவிட்டார், டீச்சரின் அக்காவைச் செல்போனில் வரவழைத்து முகம் பார்த்துப் பேசவிட்டார். ஒரு தும்மல்கூட இல்லை.

"குத்துக்கல்லாட்டம் இருக்குண்ணே. இதுல ஒரு கோளாறும் இல்ல."

அவர் படி இறங்கியதும் உறை திரும்ப ஏறும். அடுத்த முறை பேசும்போது கம்ப்யூட்டர் படுத்து எழுந்திருக்கும்.

"உங்களைக் கண்டாதான் அது பயப்படுது தம்பி" என்றார் தையல்காரர். "வெள்ளிக்கிழமை வந்து சும்மா பக்கத்துல உட்காருங்க. அது போதும்."

வெள்ளிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. ஒன்பதரைக்கு மனைவி அக்காவை வைத்து ஒத்திகை பார்த்தார். பதினெட்டாவது நிமிடத்தில் திரை கறுத்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். மெக்கானிக் வரும் நேரம் என்று தையல்காரர் குனிந்து உறையைக் கழற்றினார்.

துணி சுட்டது.

முப்பது வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை அது. எந்தத் துணி எவ்வளவு சூடு வாங்கியிருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியாமல் போகாது. பஞ்சு லைனிங்கை உள்ளே தடவிப் பார்த்தார். அப்போதுதான் தேய்த்து எடுத்த கோட்டு மாதிரி இருந்தது. யாரும் இஸ்திரி போடவில்லை.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் போன் செய்தார். வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டதாகவும் வர முடியாதென்றும் சொன்னார். தையல்காரர் பின்வாசலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அந்தப் பெட்டியை நல்லா மூடி வெச்சா என்ன ஆகும்?"

"மூடவா? பின்னால ஃபேன் இருக்குல்லண்ணே, அது சூட்டை வெளிய தள்ளணும். டைப் அடிக்கிறது லேசான வேலை, தாங்கிடும். வீடியோவுல பேசும்போது வேலை ஜாஸ்தி, சூடு ஏறும். தாங்க முடியலன்னா தானா அணைஞ்சு எந்திரிக்கும். ஏன், யாராவது மூடுனாங்களா?"

"சேச்சே" என்று போனை வைத்தார்.

உள்ளே மனைவி கையில் போனோடு நின்றார். "மெக்கானிக் வரலையா? அப்ப நான் முடியாதுன்னு சொல்லிடறேங்க. மூணாவது தடவையும் அவங்க முன்னாடி அசிங்கப்பட என்னால ஆகாது."

தையல்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உறையை நைசாக பீரோவில் வைத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிடும், பேசும்மா என்று சமாளிக்கலாம். ஆனால் மனைவியின் விரல் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. வெறும் வாய் வார்த்தையை அவர் இனி நம்பப் போவதில்லை.

"இரும்மா. தப்பு எம்மேலதான்."

உறையை நீட்டினார். மனைவி தொட்டுப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். கணக்கு டீச்சர், இரண்டையும் இரண்டையும் கூட்ட அதிக நேரம் ஆகவில்லை.

"மெக்கானிக் வரும்போதெல்லாம் கழட்டி வெச்சீங்களே."

"ஆமா."

"மூணு வாரமா எங்க அத்தானைத் திட்டுனீங்களே."

"அதான் சொல்லிட்டேனே, தப்புன்னு." தையல்காரர் அசடு வழியப் பேப்பரை எடுத்துப் பெட்டியின் முதுகுக்கு விசிற ஆரம்பித்தார். மனைவி போனை மேஜையில் வைத்தார். சிரிப்பை அடக்க அவர் படாத பாடு பட்டார்.

பதினொரு மணிக்குத் திரையில் தேர்வாளர்கள் வந்தார்கள். தையல்காரர் மேஜைக்குப் பக்கத்தில், படத்தில் விழாமல், தரையில் உட்கார்ந்து பெட்டியில் கையை வைத்துக்கொண்டார். தலைப்பை அப்போதுதான் கொடுத்தார்கள். கனச்செவ்வகத்தின் புறப்பரப்பு. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும்.

டீச்சர் ஒரு நொடி யோசித்தார். பிறகு கையை நீட்டிப் புருஷன் மடியிலிருந்த உறையை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"இது ஒரு பெட்டிக்குத் தைச்ச சட்டை. இதுக்கு எவ்வளவு துணி வேணும்னு எப்படிக் கண்டுபுடிக்கலாம்? பிரிச்சுப் பாத்துடலாம்."

உறை மேஜைக்குக் கீழே திரும்பி வந்தது. டீச்சரின் விரல் மூலைத் தையலைத் தட்டிக் காட்டியது. ஒரு மூலையில் ஜிப், மிச்சம் மூன்று. எந்தக் காலத்திலும் பிரியக் கூடாதென்று இரட்டைத் தையல் போட்டவர் அவரேதான். தையல்காரர் சட்டைப் பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தார். வலித்தது, இல்லையென்று சொல்ல முடியாது. மூன்றையும் சரசரவென்று பிரித்து மேலே நீட்டினார்.

நீலத் துணி சிலுவை வடிவில் மேஜையில் விரிந்தது. நடுவில் ஒரு செவ்வகம், நாலு பக்கமும் நாலு. டீச்சர் நாடா வைத்து அளந்தார், பெருக்கினார், கூட்டினார். அடிப்பக்கத்துக்கு ஏன் துணி இல்லை என்று கேட்டு அதையும் சேர்க்க வைத்தார். இத்தனை நாளாக டப்பாக்கள் மட்டுமே கேட்ட குரல் இப்போது கணீரென்று கேட்டது. பதினேழாவது நிமிடம் போனது. பத்தொன்பது போனது. பெட்டி இளஞ்சூட்டோடு முனகிக்கொண்டிருந்தது.

கடைசியில் தேர்வாளர் அம்மாள் கேட்டார். "இந்தக் கணக்குப்படி துணி எடுத்தா உறை தைச்சிடலாமா?"

டீச்சர் கீழே பார்த்தார்.

"தையலுக்கு ஓரத்துல அரை இன்ச் விடணும்" என்றது தரையிலிருந்து ஒரு குரல்.

தேர்வாளர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் வகுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். டீச்சர் நாற்காலியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு துணிக்குக் கை நீட்டினார். "பின்னால பெருசா ஒரு ஜன்னல் வெச்சுத் தைச்சுடறேன்."

"வேண்டாங்க. இது எனக்கு வகுப்புக்கு வேணும்" என்று டீச்சர் அதைச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க போன் பண்ணுங்க."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. எண்ணை அழுத்தினார்.

"சகலை, உங்க லைன் தங்கமான லைன். கோளாறு என் உறையிலதான்." அந்தப் பக்கம் சிரிப்பு அடங்குவதாக இல்லை. "சிரிச்சு முடிச்சுட்டு ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டு கம்ப்யூட்டருக்கு நான் தைச்சுக் குடுத்தேன்ல, அதையும் கழட்டிடுங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது.