புகைச் சக்கரம்

தேயிலை விலை விழுந்த வருஷம் அது. இலங்கை மலைநாட்டில் டயகமைக்கு மேலே, வெள்ளப்பாறைத் தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் இரண்டு எண்ணெய் இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொழுந்து அரைக்கும் மிஷின்களும் காற்றாடிகளும் அவற்றின் பலத்தில்தான் சுற்றின. ஒன்றை இராமையா ஓட்டினான். மற்றதை அவன் தங்கை நாகலெட்சுமியின் புருஷன் சோலைமலை ஓட்டினான். இருவருக்கும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. ஒரு வீட்டுக் குழம்பு மற்ற வீட்டுக்குப் போகாத நாள் குறைவு.

ஸ்டோர் இன்ஜினியர் மக்ரே துரை ஒரு காலையில் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ரெண்டு இஞ்சினுக்கு எண்ணெய் வாங்கக் கம்பெனியால முடியாது. ஒண்ணு போதும். ஆனா அந்த ஒண்ணு ரெண்டோட வேலையையும் செய்யணும்."

அதற்கு அவர் வழி வைத்திருந்தார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணித்தால் கூடுதலாக எண்ணெய் எரியும், பலமும் கூடும். அப்படித் திணிக்கச் சீமையிலிருந்து இரண்டு கருவிகள் வந்திருந்தன. ஒன்று சூப்பர்சார்ஜர். இன்ஜினின் அச்சிலிருந்தே பட்டை போட்டு அதைச் சுற்ற வேண்டும். அதை இராமையாவின் இன்ஜினில் பூட்டினார். மற்றது டர்போ. குழாய் வழியே வீணாக வெளியேறும் புகையே அதன் சக்கரத்தைச் சுழற்றும். அது சோலைமலையின் இன்ஜினுக்குப் போனது.

"மழை முடியட்டும். ரெண்டையும் பிரிச்சுப் பார்ப்பேன். எது நல்லா இழுத்திருக்கு, எது கம்மியாத் தேஞ்சிருக்குன்னு தெரியும். ஜெயிச்சது இங்க இருக்கும். தோத்தது பழைய இரும்பு. அதோட ஆளும் போகணும்."

"எங்கங்க தொர போறது?" என்றான் சோலைமலை.

"இந்தியாவுக்கு. டிக்கெட் சும்மா குடுக்குறாங்க." துரை சிரித்துக்கொண்டே பைப்பைப் பற்றவைத்தார்.

இருவருமே இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பன் எந்த ஊரிலிருந்து வந்தான் என்பதுகூட இராமையாவுக்கு நிச்சயமில்லை.

முதலில் அவன் கைதான் ஓங்கியிருந்தது. பிடியைத் தள்ளிய மறுகணமே சூப்பர்சார்ஜர் காற்றை ஊதியது. இன்ஜின் பாய்ந்து இழுத்தது. டர்போவோ புகை சூடேறும்வரை தூங்கி வழிந்தது. "உன் சக்கரம் எந்திரிக்கிறதுக்குள்ள எங்கொழுந்து காஞ்சிரும் மச்சான்" என்று இராமையா கேலி பேசினான்.

ஆனி மழையில் கதை மாறியது. சூப்பர்சார்ஜர் தான் கொடுத்த பலத்தில் ஒரு பங்கைத் தானே தின்றது. பட்டை இழுத்த இழுப்பில் அந்தப் பக்கத்து பேரிங் சூடாகித் தடதடக்க ஆரம்பித்தது. டர்போவுக்கோ புகைதான் தீனி. சூடேறிவிட்டால் அதே எண்ணெயில் அது கூடுதலாக இழுத்தது. ஒரே ஒரு பலவீனம் இருந்தது. சக்கரத்தின் அச்சு நெருப்புக்குப் பக்கத்தில் சுழன்றது. மசகு எண்ணெய் தடைபட்டால் அது தாங்காது. சோலைமலை ஒவ்வொரு தடவையும் எண்ணெய்க் கிண்ணத்தை நிரப்பிய பிறகே இன்ஜினைக் கிளப்பினான்.

தன் இன்ஜின் தோற்றுவிட்டதை இராமையாவின் காது அவனுக்குச் சொல்லிவிட்டது. தான் போகாவிட்டால் போவது தங்கை என்றும் அவனுக்குத் தெரியும். சில நாள் அதை நினைத்தான். பிறகு நினைப்பதை விட்டுவிட்டான்.

ஒரு காலை சோலைமலை எண்ணெய் நிரப்பிவிட்டு ரொட்டி தின்ன வெளியே போனான். இராமையா கிண்ணத்திலிருந்து இறங்கும் பித்தளைக் குழாயைக் கழற்றி, துடைக்கும் பஞ்சைக் கிள்ளி உள்ளே திணித்து, மறுபடி முடுக்கினான். சக்கரம் இறுகி நிற்கும், இன்ஜின் சோர்ந்துபோகும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டான்.

சோலைமலை திரும்பி வந்து இன்ஜினைக் கிளப்பினான். சக்கரம் நிற்கவில்லை. அதன் சத்தம் மாறியதைக் கேட்டு, என்னவென்று பார்க்க சோலைமலை குனிந்தபோது வெடித்தது. சக்கரத்திலிருந்து சிதறிய இரும்பு இலைகள் அவன் முகத்தில் பாய்ந்தன. "கிட்ட வராதீங்க, சூடு!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தியபடியே விழுந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு கண்களையும் எடுத்துவிட்டார்கள்.

மக்ரே துரை உடைந்த கருவியைப் பிரித்தபோது பித்தளைக் குழாயிலிருந்து கருகிய பஞ்சு விழுந்தது. இராமையாவைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். அவன் காலில் விழுந்தான்.

"எந்திரி. உன்னைப் போலீஸுல குடுத்தா, எனக்கும் கேள்வி வரும். ரெண்டு பேரையும் மோத விட்டது யாருன்னு கேப்பாங்க." பஞ்சை அடுப்பில் எறிந்தார். "சோலைமலை எண்ணெய் ஊத்த மறந்துட்டான். நீ கண்ணால பார்த்தே. பெரிய தொர விசாரிக்கிறப்ப அதச் சொல்லு."

அவன் சொன்னான். நாகலெட்சுமி குறுக்கே வந்தாள். "பொய்யிங்க தொர! ரொட்டி கொண்டாந்தப்ப அவரு எண்ணெ ஊத்துறத நானே பார்த்தேன்."

"பொண்டாட்டி வேற என்ன சொல்லுவா?" என்றார் தோட்டத்தையே ஆளும் பெரிய துரை. கவனக் குறைவு என்று சொல்லி வேலைப் பட்டியலிலிருந்து சோலைமலையின் பேரை வெட்டினார்கள். காம்பராவைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

சோலைமலையே அவளை நம்பவில்லை. "ஒங்கண்ணன் எதுக்குடி பொய் சொல்லணும்? ஒரே சட்டியில தின்னவங்க நாங்க. நாந்தான் மறந்திருக்கேன். இந்தக் கையிதான் மறந்துருச்சு" என்று படுக்கைச் சட்டத்தில் கையை அடித்துக்கொண்டான். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணனைப் பழி சொல்கிறாளே என்று அவன் அவளிடம் பேசுவதையே நிறுத்தினான்.

மக்ரே துரை இரண்டு இன்ஜின்களையும் பிரித்துப் பார்த்தார். சோலைமலையுடையதில் தேய்மானம் அதிகமில்லை. இராமையாவுடையதில் பட்டைப் பக்கத்து பேரிங் தின்னப்பட்டிருந்தது. அது பழைய இரும்புக்குப் போனது. புதுச் சக்கரத்துக்குச் சீமைக்கு எழுதினார். அந்த இன்ஜினை ஓட்ட ஆள் வேண்டும். மிச்சமிருந்த இன்ஜின்காரன் இராமையா ஒருவன்தான்.

அவர்கள் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று தலவாக்கலை ஸ்டேஷனுக்கு அவன் வழியனுப்பப் போனான். போகாவிட்டால் லயத்தில் பேசுவார்கள். சோலைமலை கண்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நாகலெட்சுமி இடுப்பில் கைப்பிள்ளை.

"மச்சான் வந்திருக்காரா?"

"வந்திருக்காரு" என்றாள்.

சோலைமலை காற்றில் துழாவி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், புதுச் சக்கரம் வந்தா மொதல்ல எண்ணெயப் பாருங்க. எனக்கு ஆன மாதிரி ஒங்களுக்கு ஆயிரக் கூடாது."

நாகலெட்சுமி அண்ணனின் முகத்தையே பார்த்தாள். "சொல்லுங்கண்ணே. ஒரு வார்த்த. அவரு தன்னையே அடிச்சிக்கிறாரு."

இராமையாவின் உதடு அசைந்தது. வண்டி வரும் மணி அடித்தது.

"பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றான்.

"வர மாட்டோம்." அவள் புருஷனின் கையை அவன் கையிலிருந்து பிரித்து எடுத்து, அவனைப் பெட்டியில் ஏற்றினாள்.

புதுச் சக்கரம் மார்கழியில் வந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் பார்க்க வந்தார்கள். ஒற்றை இன்ஜின் முழு ஸ்டோரையும் இழுத்துக்கொண்டிருந்தது. மக்ரே துரை பெருமையாக இங்கிலீஷில் விளக்கினார். கேட்டுக் கேட்டு அந்த அளவு இங்கிலீஷ் இராமையாவுக்கும் புரியும்.

"முதல் சக்கரம் ஏன் உடைந்தது?" என்று ஒருவர் கேட்டார்.

"கருவியில் குறையில்லை. ஆள் சரியில்லை" என்றார் மக்ரே துரை. இராமையாவின் தோளைத் தட்டினார். "இவன் நம்பிக்கையான ஆள்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இராமையா எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சலாம் போட்டான்.